விரல் நுனியில் பிழைப்பு

காலை எட்டேகால் மணி. சயான் ஸ்டேஷனில் ஏறிய கூட்டம், உள்ளே நின்றவர்களை இன்னும் ஓரடி பின்னுக்குத் தள்ளியது. முதுகுப் பையை மார்பில் மாட்டிக்கொண்டு, வலது கையால் மேலே தொங்கும் பிடியைப் பற்றியபடி நின்ற ஓர் இளைஞனின் இடது கை மட்டும் சும்மா இருக்கவில்லை. பையின் மேல் சுண்டு விரல், மோதிர விரல், நடு விரல், ஆள்காட்டி விரல் என்று வரிசையாகத் தட்டியது. மறுபடியும் சுண்டு விரலிலிருந்து ஆரம்பித்தது.

எதிரே ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த பெரியவர் அதையே கவனித்துக்கொண்டிருந்தார். வண்டி மாதுங்காவைத் தாண்டியதும் கேட்டார்:

"ஏ, எஸ், டி, எப் தானேடே?"

இளைஞன் திடுக்கிட்டான். தமிழில் கேட்டதற்காக மட்டும் அல்ல.

"ஆமாய்யா. எப்படித் தெரியும்?"

"என் கையும் அம்பது வருசத்துக்கு மேல அதைத்தான் தட்டுது."

மஸ்ஜித் பந்தரில் இளைஞன் இறங்குவதற்குள் இருவருக்கும் ஊர்ப் பெயர், தெருப் பெயர் எல்லாம் தெரிந்துவிட்டது. இருவரும் தாமிரபரணித் தண்ணீர் குடித்து வளர்ந்தவர்கள். பெரியவர் கோட்டைப் பகுதியில் ஓர் ஆடிட்டரிடம் வாரத்தில் மூன்று நாள் கணக்கு எழுதப் போகிறவர். வயது எழுபதுக்கு மேல். இளைஞன் தாராவியில் மாமா வீட்டில் தங்கி, ஒரு கூரியர் ஆபீசில் முகவரிகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறவன். ரயில்வே எழுத்துத் தேர்வில் தேறிவிட்டான். இன்னும் இரண்டு மாதத்தில் தட்டச்சுத் தேர்வு. அதுதான் பையின் மேல் அந்தத் தாளம்.

துணி போட்டு மூடிய மெஷின்

இந்த நகரத்துக்குத் தமிழர்களை அழைத்து வந்தவற்றில் டைப்ரைட்டருக்குப் பெரிய பங்கு உண்டு. எஸ்.எஸ்.எல்.சி., இங்கிலீஷ் டைப்ரைட்டிங் ஹையர், ஷார்ட்ஹேண்ட் லோயர் ஆகிய மூன்று சர்டிபிகேட்டுகளும், மாதுங்காவில் ஒரு தூரத்து உறவினர் விலாசமும் இருந்தால் போதும். அன்றைய பம்பாய்க்கு டிக்கெட் எடுத்துவிடலாம். நம் வாசகர்களில் மூத்தவர்கள் பலர் அப்படி வந்தவர்களே. 1960-களின் பிற்பகுதியில் தென்னிந்தியருக்கு எதிராக இங்கே எழுந்த கூச்சலுக்கும் இந்தக் குமாஸ்தா, டைப்பிஸ்டு வேலைகளே ஒரு காரணம்.

பெரியவர் 1970-ல் வந்தார். அதற்கு முன் ஊரில் இரண்டு வருடம் இன்ஸ்டிட்யூட். ஓட்டுக் கூரை, பன்னிரண்டு மெஷின், மணிக்கு ஒரு பேட்ச். முதல் மாதம் முழுவதும் ஏ எஸ் டி எப் இடது கைக்கு, செமிகோலன் எல் கே ஜே வலது கைக்கு. இரண்டாவது மாதம் மாஸ்டர் மெஷின் மேல் ஒரு கறுப்புத் துணியைப் போட்டு மூடி, அதற்குள் கையை விட்டு அடிக்கச் சொல்வார். விசையைக் கண்ணால் பார்த்தால் ஸ்கேல் விரல் கணுவில் விழும். அந்த நாள் மெஷினில் சுண்டு விரலுக்குத்தான் பெரும்பாடு. வலுவில்லாத விரல், அழுத்த வேண்டியதோ இரும்பு. அழுத்தம் போதாவிட்டால் 'ஏ' மட்டும் மங்கலாக விழும். அப்படி ஒரு பக்கம் விழுந்தால் மறுபடியும் முதலிலிருந்து அடிக்க வேண்டும்.

நிமிடத்துக்கு 30 சொல் லோயர், 45 சொல் ஹையர். ஒரு சொல்லுக்கு ஐந்து அடி என்பது கணக்கு. பெரியவர் இரண்டையும் பாஸ் செய்துவிட்டு, பல்லார்ட் எஸ்டேட்டில் ஒரு கப்பல் கம்பெனியில் சேர்ந்தார். ஐந்து கார்பன் வைத்து அடித்தால் ஆறாவது பிரதியிலும் எழுத்து தெரிய வேண்டும். ஒவ்வொரு விசையையும் குத்த வேண்டியிருந்தது. அந்தக் குத்து கையிலேயே தங்கிவிட்டது.

காற்றைத் தள்ளிய கை

1990-களில் அந்தக் கம்பெனிக்குக் கம்ப்யூட்டர் வந்தது. எழுத்து வரிசை அதேதான் என்று கண்டதும் டைப்பிஸ்டுகளுக்கெல்லாம் நிம்மதி. அமெரிக்காவில் கிறிஸ்டோபர் ஷோல்ஸ் என்பவர் வகுத்து, 1874-ல் ரெமிங்டன் கம்பெனி விற்பனைக்குக் கொண்டுவந்த மெஷினிலிருந்து வழிவழியாக வந்த வரிசைதான் அது. டைப்ரைட்டர் என்ற ஆங்கிலச் சொல்லுக்கு வேண்டிய எழுத்து அத்தனையும் மேல் வரிசை ஒன்றிலேயே கிடைக்கும். சந்தேகம் உள்ளவர்கள் அடித்துப் பார்க்கலாம். எழுத்து மாறவில்லை. ஆனால் மற்றதெல்லாம் மாறியிருந்தது.

முதல் நாள் பெரியவர் அடித்த அடியில் கீபோர்டு மேஜையில் நகர்ந்து நகர்ந்து விளிம்புக்கே போய்விட்டது. பக்கத்து சீட்டு மராத்திக்காரர், "ஹளூ ஹளூ, காகா!" என்று கையைப் பிடித்தாராம். மெதுவாகத் தொட்டால் போதும் என்பதை நம்பவே ஒரு வாரம் ஆயிற்று. விரலை விசையின் மேல் ஓய்வாக வைத்தால் 'எப் எப் எப் எப்' என்று திரை முழுக்க ஓடிவிடும். டைப்ரைட்டரில் விரலை வைத்துக்கொண்டு யோசிக்கலாம். இதில் யோசிக்க வேண்டுமானால் கையைத் தூக்க வேண்டும்.

மெஷினில் வரி முடியப் போகிறது என்றால் மணி அடிக்கும். உடனே இடது கை எழுந்து லீவரைத் தள்ளும். கம்ப்யூட்டரில் மணியும் இல்லை, லீவரும் இல்லை. ஆனாலும் பல நாள், வரி முடிகிற நேரத்தில் பெரியவரின் இடது கை தானாக உயர்ந்து காற்றைத் தள்ளிவிட்டு இறங்கும். "பார்க்கிறவனுக்கு ஈ ஓட்டுத மாதிரி இருக்கும்," என்று சிரிக்கிறார். அதற்குப் பதிலாக ஒவ்வொரு வரி முடிவிலும் என்டரைத் தட்டப் பழகிக்கொண்டார். அதுவும் வினையாயிற்று. மேனேஜர் நடுவில் ஒரே ஒரு சொல்லைச் சேர்க்கச் சொன்னார். நான்கு பக்கக் கடிதத்தில் வரிகள் எல்லாம் பாதியில் ஒடிந்து நின்றன.

இதையெல்லாம் மிஞ்சிய கூத்து ஒன்று உண்டு. பழைய ரெமிங்டன் மெஷின்கள் பலவற்றில் ஒன்று என்ற எண்ணுக்குத் தனி விசையே கிடையாது. சின்ன 'எல்' எழுத்தை அடித்தால் காகிதத்தில் ஒன்று மாதிரியே விழும். பூஜ்யத்துக்கு 'ஓ'வை அடிக்கிறவர்களும் இருந்தார்கள். அதே பழக்கத்தில் பெரியவர் சரக்குக் கட்டணப் பட்டியல் ஒன்றைக் கம்ப்யூட்டரில் ஏற்றினார். கண்ணுக்கு எல்லாம் சரி. கூட்டச் சொன்னால் மெஷின் கூட்ட மறுத்தது. அதன் கணக்கில் அவை எண்களே அல்ல. எங்கே தப்பு என்று மூன்று பேர் இரவு ஒன்பது மணி வரை தேடினார்கள். கண்டுபிடித்தபோது யாரும் திட்டவில்லை; ஏனென்றால் தேடிய மூவரில் இருவர் அதே தப்பைத் தங்கள் பட்டியலிலும் செய்திருந்தார்கள்.

1955-ல் இந்தியாவில் டைப்ரைட்டர் செய்யத் தொடங்கிய கோத்ரெஜ் நிறுவனம் 2009-ல் உற்பத்தியை நிறுத்தியது. பெரியவர் ஓய்வு பெற்றதும் அதே ஆண்டில்தான்.

கவுண்டருக்கு உள்ளே

டிக்கெட் கவுண்டருக்கு வெளியே நிற்கிறவர்களுக்கு உள்ளே இருக்கிறவரின் விரல் தெரியாது, முகம்தான் தெரியும். முன்பதிவுக்கு இந்திய ரயில்வேயில் கம்ப்யூட்டர் வந்தது 1985-ல், முதலில் டில்லியில். அதுவரை ரிஜிஸ்தரில் பெயரை எழுதிய கைகள், பிறகு விசையைத் தேடப் பழகின. இன்று முன்பதிவு குமாஸ்தாவுக்கு ஊர்களின் பெயர் முக்கியமில்லை. அவற்றின் குறி எழுத்துகள் விரலில் இருக்க வேண்டும். சென்னை சென்ட்ரலுக்குப் பெயர் எத்தனையோ முறை மாறினாலும் விரல் அடிப்பது மெட்ராஸ் காலத்து 'எம் ஏ எஸ்'தான். திருநெல்வேலிக்கு 'டி ஈ என்'. இந்த நகரத்தின் பெரிய நிலையத்துக்கு 'சி எஸ் டி எம்' என்று விரல்கள் பழகியிருந்தன. 2017-ல் நிலையத்தின் பெயரில் 'மகாராஜ்' சேர்ந்தது. குறி 'சி எஸ் எம் டி' ஆயிற்று. கடைசி இரண்டு எழுத்துகள் இடம் மாறின, அவ்வளவுதான். ஆனால் இருபது வருடம் ஒரே வரிசையில் அடித்த கைக்கு அது புது ஊர். அவசரத்தில் பழைய வரிசை விழும். அழித்துவிட்டு மறுபடியும் அடிக்க வேண்டும்.

தத்கால் நேரத்தில் இப்படி ஒரு தடுமாற்றம் வந்தால் என்ன ஆகும்? ஏ.சி. இல்லாத வகுப்புகளுக்குக் காலை 11 மணிக்குத் திறக்கும். அந்த நிமிடத்தில் வலது பக்க எண் விசைகள் வேலை செய்யவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். 'நம் லாக்' என்ற ஒரு விசை தெரியாமல் தட்டுப்பட்டிருக்கும், விளக்கு அணைந்திருக்கும், தேதியை அடித்தால் அம்புக்குறி இங்கும் அங்கும் ஓடும். விடியற்காலையிலிருந்து வரிசையில் நின்றவருக்கு வெயிட்டிங் லிஸ்ட் வந்துவிடும். அவர் திட்டுவதில் நியாயம் இருக்கிறது. கவுண்டருக்கு உள்ளே இருப்பவர் பக்கம் இருக்கும் நியாயம் கண்ணாடியைத் தாண்டி வருவதில்லை.

கவுண்டர்களிலும் வங்கிகளிலும் வெகு காலமாக நிலைத்து நின்ற பலகை ஒன்று உண்டு. சென்னையைச் சேர்ந்த டி.வி.எஸ். எலெக்ட்ரானிக்சின் 'கோல்டு'. ஒவ்வொரு விசைக்கும் தனி ஸ்விட்ச். அழுத்தினால் 'டக்' என்று சத்தம். டைப்ரைட்டரில் பழகிய கைகளுக்கு அந்தச் சத்தம் ஓர் ஆறுதல். இப்போது வருகிற மலிவுப் பலகைகளில் அடியில் ஒரு ரப்பர் விரிப்புத்தான். விசை விழுந்ததா இல்லையா என்று கண்தான் சொல்ல வேண்டும்.

2010 ஜூலையில் ரூபாய்க்குத் தனிக் குறி வந்தது. அதை வடிவமைத்த டி. உதயகுமார் தமிழர். இதே மும்பையில், பவாய் ஐ.ஐ.டி.யில், தமிழ் அச்செழுத்துகளைப் பற்றி ஆராய்ச்சி செய்தவர். புதுப் பலகைகளில் நான்கு என்ற எண்ணின் ஓரத்தில் அந்தக் குறியைக் காணலாம். அந்த வருடமே அதை முதலில் பதித்து விற்றதும் அதே டி.வி.எஸ்.தான். வலது பக்க ஆல்ட் விசையோடு நான்கை அழுத்தினால் குறி விழும். கம்ப்யூட்டரில் இந்திய ஆங்கில அமைப்பு வைத்திருக்க வேண்டும். இது தெரியாமல் இன்றும் பல குமாஸ்தாக்கள் பழைய 'ஆர் எஸ்' அடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

மூன்று அடி நஷ்டம்

இளைஞன் விஷயத்துக்கு வருவோம்.

ரயில்வேயில் ஜூனியர் கிளார்க் கம் டைப்பிஸ்டு வேலைக்குக் கம்ப்யூட்டரில் ஆங்கிலமானால் நிமிடத்துக்கு 30 சொல், இந்தியானால் 25 சொல் அடிக்க வேண்டும். பிழை திருத்தித் தரும் வசதி எதுவும் கிடையாது. இதில் மார்க் இல்லை. தேறினால் உண்டு, தவறினால் இல்லை. எழுத்துத் தேர்வில் எவ்வளவு உயரத்தில் இருந்தாலும் பத்து நிமிடத்தில் விரல் கைவிட்டால் இந்த வேலை போயிற்று.

அவன் கூரியர் ஆபீசில் தினம் நூற்றுக்கணக்கான முகவரி அடிக்கிறவன்தான். ஆனால் இரண்டே விரலில், கோழி கொத்துவதுபோல. பார்த்துப் பார்த்து அடிப்பான். ஆபீஸ் பலகையில் 'ஈ', 'ஏ', 'என்' எழுத்துகள் தேய்ந்து வெறும் கறுப்பாகிவிட்டன. புதிதாக யாராவது உட்கார்ந்தால் தடவித் தேட வேண்டியதுதான்.

தாராவி வீட்டில் கம்ப்யூட்டர் இல்லை. லாமிங்டன் ரோட்டில் 150 ரூபாய்க்கு ஒரு பழைய கீபோர்டு வாங்கி, ஒரு சின்ன வயரால் செல்போனில் மாட்டி வைத்திருந்தான். மாமா வீட்டில் எல்லோரும் படுத்த பிறகு, சமையல் மேடை மேல் பலகையை வைத்து நின்றபடி அடிப்பான். முதல் ஞாயிற்றுக்கிழமை அந்தப் பலகையைத் தூக்கிக்கொண்டு முலுண்டில் பெரியவர் வீட்டுக்குப் போனான்.

பெரியவர் அதைத் தலைகீழாகக் கவிழ்த்து இரண்டு தட்டுத் தட்டினார். மிக்சர், பாதி உளுந்து, ஒரு செத்த எறும்பு எல்லாம் விழுந்தன. பிறகு எப், ஜே விசைகளைத் தடவிப் பார்த்தார். அந்த இரண்டிலும் சின்ன மேடு இருக்கும். ஆள்காட்டி விரல்கள் கண் பார்க்காமலே தங்கள் வீட்டைக் கண்டுபிடிக்க அதுதான் அடையாளம். இதில் இரண்டும் தேய்ந்துபோயிருந்தன. பெவிகாலை ஒரு குச்சியில் தொட்டு ஒவ்வொரு சொட்டு வைத்துக் காயவிட்டார். காய்ந்ததும் மேடு வந்துவிட்டது.

அடுத்து அவர் செய்ததுதான் இளைஞனைக் கலங்க வைத்தது. ஒரு ஸ்பூனின் காம்பை விட்டு நெம்பி, பேக்ஸ்பேஸ் விசையைக் கழற்றி எடுத்துவிட்டார்.

"ஐயா! தப்பு வந்தா எப்படி அழிக்கிறது?"

"அழிக்க முடியாதுன்னு தெரிஞ்சாத்தான் கை தப்பு பண்ணாது. ஒரு எழுத்து தப்பினா, அந்தத் தப்பு ஒரு அடி, அழிக்க ஒரு அடி, திரும்ப அடிக்க ஒரு அடி. மூணு அடி போச்சா? முப்பது சொல்லுக்கு நிமிசத்துக்கு நூத்தம்பது அடி வேணும்டே. நீ அழிச்சுக்கிட்டு நின்னா வண்டி போயிரும்."

இது எல்லோருக்கும் பொருந்துகிற வைத்தியமா என்பது வேறு விஷயம். கம்ப்யூட்டரிலேயே பழகிய தலைமுறைக்கு அழிப்பது எழுதுவதில் ஒரு பாதி. ஆனால் இளைஞன் தலையாட்டினான். பெரியவர் தன் பெட்ஷீட் உறை ஒன்றை அவன் கைகளின் மேல் போர்த்தினார். ஊர் இன்ஸ்டிட்யூட்டின் கறுப்புத் துணிக்குப் பதிலாக முலுண்டில் பூப்போட்ட துணி.

அன்று வேகம் நிமிடத்துக்கு 11 சொல். இரண்டு விரலில் அவன் 22 அடித்துக்கொண்டிருந்தவன். மற்ற விரல்களையும் உள்ளே இழுத்ததும் பாதியாகிவிட்டது. அந்த வாரம் கூரியர் ஆபீசிலும் பத்து விரலில் அடிக்கப் போய், வேலை தேங்கி, சூபர்வைசரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டான். மறுபடியும் இரண்டு விரலுக்கே போய்விடலாமா என்று ஒரு ராத்திரி நினைத்தானாம். ஊரில் அம்மாவுக்குப் போன் செய்தான். அம்மா பீடி சுற்றுகிறவர். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவர்.

"உனக்கு நிமிசத்துக்கு எத்தனை வேணுங்காங்க?"

"முப்பதும்மா."

"இப்ப எத்தனை வருது?"

"பதினாலு."

"நானும் மொதல்ல ஒரு நாளைக்கு இருநூறுதான் சுத்துனேன்," என்றார் அம்மா. அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

அதே பலகையில் தமிழ்

நான்காவது ஞாயிறு. பாடம் முடிந்ததும் பெரியவர் தன் கம்ப்யூட்டரில் வேறொரு வேலையைத் தொடங்கினார். பேட்டைத் தமிழ்ச் சங்கத்தின் பொதுக்கூட்ட அழைப்பு. பலகையில் ஓர் எழுத்துக்கூடத் தமிழ் இல்லை. ஆனால் திரையில் தமிழ் ஓடியது. இளைஞன் வாய் பிளந்து பார்த்தான். அவன் அம்மாவுக்கு அனுப்புகிற செய்தியெல்லாம் ஆங்கில எழுத்தில் எழுதிய தமிழ். அம்மாவுக்கு ஆங்கில எழுத்து தெரியாது. பள்ளிக்கூடத்திலிருந்து தங்கை வந்து படித்துச் சொல்லும் வரை செய்தி காத்திருக்கும்.

தமிழுக்கும் டைப்ரைட்டர் இருந்தது. யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயா, சிங்கப்பூர் பக்கம் போய்ப் பிழைத்த ஆர். முத்தையா அதற்கு விசை அமைப்பு வகுத்தவர். அவரும் வெளியூரில் இருந்த தமிழரே. கம்ப்யூட்டர் வந்த பிறகு, 1999-ல் சென்னையில் நடந்த மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு ஏற்றுக்கொண்டதுதான் 'தமிழ்99' அமைப்பு. பெரியவர் ஓய்வு பெற்ற பிறகு, அறுபதை நெருங்கும் வயதில் அதைக் கற்றுக்கொண்டார்.

அதன் சூட்சுமம் எளிது. உயிரெழுத்து எல்லாம் இடது கைக்கு. மெய் வரிசை பெரும்பாலும் வலது கைக்கு. கை மாறி மாறி விழும். 'ஏ' விசையில் அகரம், 'கே'யில் மகரம், 'க்யூ'வில் ஆகாரம். ஒரே எழுத்தை இரண்டு முறை அடித்தால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக விழுந்துவிடும். ஆக, அ, ம, ம, ஆ என்று நாலே அடியில் 'அம்மா' வந்துவிடும். ஆங்கில எழுத்தில் அதையே அடிக்க ஐந்து அடிகூட ஆகலாம்.

"இங்க ஒரு அடி மிச்சம் பாத்தியா?" என்றார் பெரியவர்.

இளைஞன் பக்கத்தில் உட்கார்ந்து அந்த நாலு அடியை அடித்தான். பிறகு ஒரு வரி அடிக்கக் கால் மணி நேரம் எடுத்துக்கொண்டான். சாப்பிட்டாயா, மருந்து போட்டாயா என்று இரண்டு கேள்வி. பெரியவர் கம்ப்யூட்டரிலிருந்தே தங்கையின் போனுக்கு அனுப்பினான். அரைமணி நேரத்தில் போன் மணி அடித்தது. அம்மாதான்.

"நானே படிச்சிட்டேன்லே!"

கடந்த ஞாயிறு மத்திய ரயில்வேயில் மெகா பிளாக். ஸ்லோ வண்டி இல்லாமல், பாஸ்ட் தண்டவாளத்தில் நின்று நின்று வந்து, முலுண்ட் போய்ச் சேர ஒன்றரை மணி நேரம். பையில் அந்த 150 ரூபாய்ப் பலகை. பேக்ஸ்பேஸ் இருந்த இடத்தில் ஓட்டை. பெரியவர் கடிகாரத்தை மேஜையில் வைத்தார். பத்து நிமிடம். பூப்போட்ட துணிக்கு அடியில் பத்து விரலும் ஓடின. பிழைகளை எண்ணிக் கழித்துவிட்டுப் பார்த்தால் நிமிடத்துக்கு 28 சொல்.

தேர்வுக்கு இன்னும் ஒன்பது நாள். கழற்றிய விசை பெரியவர் வீட்டு மூக்குப்பொடி டப்பாவில் இருக்கிறது. அவன் கேட்கவும் இல்லை, அவர் கொடுக்கவும் இல்லை.